போடிமெட்டு 30 பைட்டா, 33 பைட்டா?

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கே சோதனைச்சாவடியோடு தேனி மாவட்டம் முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. தமிழ் அங்கே முடிவதில்லை. பூப்பாறை, சாந்தன்பாறை, மூணாறு என்று ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் இருக்கிற இடமெல்லாம் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்குக் கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. பாலக்காட்டு எல்லையிலும் இதே நிலைதான். கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் ‘கைட்’ நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தானே தொகுத்த லினக்ஸைத்தான் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. கணினிப் பாடநூலும் அங்கே தமிழில் கிடைக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம், 2011-இல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு கணினியில் ஒரு மாணவி தன் ஊரைப் பற்றிக் குறிப்பெழுதி, கோப்புக்குப் ‘போடிமெட்டு’ என்றே பெயர் வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு வேறொரு கணினியில் எழுதப்பட்டு, பென்டிரைவில் வந்து சேர்ந்தது. கோப்புறையைத் திறந்தால் பெயர் தெரிகிறது. டெர்மினலில் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ‘கேட்’ கட்டளையைக் கொடுத்து, அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தால் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்கிறது கணினி. கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. வைரஸா, பென்டிரைவ் கெட்டுவிட்டதா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஊகத்தை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நிரல் நம்மிடம் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, அது இயங்குதளத்திடம் என்ன கேட்டது, என்ன பதில் பெற்றது என்று பார்ப்பது. லினக்ஸில் அதற்கான கருவியின் பெயர் ‘ஸ்ட்ரேஸ்’. மென்பொருள் பழுதுபார்க்கிறவர்கள் பலர் முதலில் எடுக்கும் கருவி இது. நம் மாணவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஒரு நிரல் தானாகச் செய்துகொள்ளக்கூடியது மிகக் குறைவு. தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்துக்குள் கூட்டலாம், கழிக்கலாம், எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கலாம். வட்டிலிருந்து ஒரு பைட்டைப் படிக்கவோ, திரையில் ஓர் எழுத்தைக் காட்டவோ, இணையத்தில் ஒரு சொல்லை அனுப்பவோ அதற்கு உரிமை இல்லை. அந்த உரிமையெல்லாம் கெர்னல் எனப்படும் இயங்குதள மையத்திடம் மட்டும் இருக்கிறது. நிரல் கெர்னலிடம் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் சிஸ்டம் கால்.

போடிமெட்டுச் சாவடியைப் போல இதை நினைத்துக்கொள்ளலாம். தோட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று சாவடியில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் எல்லையைத் தாண்ட வேண்டிய ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்றாக வேண்டும். எந்த வண்டி, என்ன சரக்கு, எங்கே போகிறது, விட்டார்களா, திருப்பி அனுப்பினார்களா என்பதை ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தால், தோட்டத்துக்குள் கால் வைக்காமலேயே அங்கே நடப்பதில் பெரும்பகுதியை ஊகித்துவிட முடியும். ஸ்ட்ரேஸ் அப்படி எழுதுகிறவர். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது: சாவடியில் வண்டியே அக்கரைக்குப் போகும், சிஸ்டம் காலில் நிரல் எங்கும் போவதில்லை. செயலி தன் நிலையை மாற்றிக்கொண்டு கெர்னலின் கட்டளைகளைச் செயல்படுத்துகிறது. வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பி, நிரலை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இதற்கென்றே செயலியில் தனிக் கட்டளை உண்டு. இன்டெல், ஏஎம்டி 64 பிட் செயலிகளில் அதன் பெயரே ‘சிஸ்கால்’. சென்னை ஐஐடியில் வி. காமகோடியின் குழு வடிவமைத்த ‘சக்தி’ செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் அது ‘ஈகால்’. எந்த வேலை வேண்டும் என்பதைப் பெயரால் சொல்வதில்லை, எண்ணால் சொல்கிறது நிரல். ‘எழுது’ என்பதற்கு இன்டெல் லினக்ஸில் எண் 1. சக்தியில் லினக்ஸ் ஓடினால் அதே வேலைக்கு எண் 64. லினக்ஸில் இப்படி 300-க்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்கள் இருக்கின்றன. ஆனால் சாதாரண நிரல் ஒன்றைக் கவனித்தால் திற, படி, எழுது, மூடு, நினைவகம் கொடு என்று ஒரு சிலவே திரும்பத் திரும்ப வரும்.

முதலில் பிரச்சினை இல்லாத ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். ‘போடிமெட்டு’ என்ற ஒரே சொல்லும் வரி முடிவுக் குறியும் மட்டும் உள்ள கோப்பு அது. ‘கேட்’ கட்டளைக்கு முன்னால் ஸ்ட்ரேஸ் என்று சேர்த்து ஓட்டினால், ஒரு சொல்லைக் காட்ட இவ்வளவு வேலையா என்று வியக்கும் அளவுக்குத் திரையில் வரிகள் ஓடும். பாதிக்கு மேல், ‘கேட்’ தன் வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய ஏற்பாடுகள். கெர்னல் நிரலை ஏற்றுகிறது. பொது நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் திறக்கப்படுகிறது. சி நூலகத்தின் கோப்பு திறக்கப்பட்டு, அதன் தலைப்பிலிருந்து சரியாக 832 பைட் படிக்கப்படுகிறது. 64 பிட் லினக்ஸில் பெரும்பாலான நிரல்களைத் தடம் பிடித்தால் இந்த 832 கண்ணில் படும். இந்த முன்னேற்பாட்டுக்கு நடுவே ‘ப்ரீலோட்’ என்ற கோப்பு தேடப்பட்டு, ‘இல்லை’ என்று பதில் வரும். முதன்முறை பார்க்கிறவர்கள் இதைத்தான் பிழை என்று பிடித்துக்கொள்வார்கள். அது பிழையே இல்லை. அந்தக் கோப்பு இருந்தால் பயன்படுத்துவது, இல்லாவிட்டால் கடந்துபோவது என்பதுதான் ஏற்பாடு. பெரும்பாலான கணினிகளில் அது இருப்பதே இல்லை. தடத்தில் உள்ள ‘இல்லை’கள் அனைத்தும் கோளாறுகள் அல்ல என்பது இந்தக் கலையில் முதலில் பழக வேண்டிய பாடம்.

கடைசிச் சில வரிகளில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. ‘கேட்’ நம் கோப்பைத் திறக்கக் கேட்கிறது. கெர்னல் 3 என்ற எண்ணைத் தருகிறது. 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி என்று முன்பே ஒதுக்கப்பட்டவை. அதனால் புதிதாகத் திறக்கும் கோப்புக்கு 3. பிறகு, 3-இலிருந்து படி என்கிறது. 31 பைட் வந்தது என்று பதில். 1-இல் எழுது என்கிறது. 31 பைட் எழுதியாயிற்று என்று பதில். மறுபடியும் 3-இலிருந்து படி, 0. கோப்பு முடிந்தது. மூடு.

31 என்பது எப்படி வந்தது? யூனிகோடில் போடிமெட்டு என்பது ப, ஓகாரக் குறி, ட, இகரக் குறி, ம, எகரக் குறி, ட, புள்ளி, ட, உகரக் குறி என்று 10 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 30, வரி முடிவுக்கு ஒன்று. ஸ்ட்ரேஸ் வழக்கமான ஆங்கில எழுத்துகளை அப்படியே காட்டும். மற்ற பைட்டுகளை எட்டடிமான எண்களாகக் காட்டும். அதனால் நம் ‘ப’ திரையில் 340 256 252 என்று வரும். தமிழ்க் குறியீடு எதுவானாலும் 340-இல் தொடங்கி, அடுத்து 256 அல்லது 257 வரும். முதல் பார்வைக்கு மிரட்டும் இந்த எண்களைக் கொஞ்சம் பழகிவிட்டால், இங்கே தமிழ் போகிறது என்று கண் உடனே சொல்லிவிடும். எண்களாகக் காட்டுவதை ஒரு குறையாக நான் முன்பு நினைத்ததுண்டு. ஆனால் நம் சிக்கலைத் தீர்க்கப்போவது அந்த எண்கள்தான்.

இப்போது மாணவியின் கோப்புக்கு வருவோம். ‘கேட்’ கட்டளையை ஸ்ட்ரேஸோடு ஓட்டி, திறக்கும் அழைப்பை மட்டும் பார்க்க வேண்டும். அவள் தட்டச்சு செய்த பெயர் 340 256 252, 340 257 213 என்று தொடங்குகிறது: ப, அடுத்து ஓகாரக் குறி. பதில்: ‘ஈநோயென்ட்’, அதாவது அப்படி ஒன்று இல்லை. கெர்னலின் பிழைப் பட்டியலில் இது 2-ஆம் எண். அடுத்து, கோப்புறையைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையைத் தடம் பிடித்து, அது திரைக்கு எழுதும் பைட்டுகளைப் பார்க்க வேண்டும். அங்கே அதே பெயர் 340 256 252, 340 257 207, 340 256 276 என்று தொடங்குகிறது. ப, ஏகாரக் குறி, அதன்பின் கால்.

முடிச்சு அவிழ்ந்தது. ‘போ’ என்ற எழுத்தில் ‘ப’வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் இருக்கின்றன. யூனிகோட் இதை இரண்டு வழிகளில் எழுத இடம் கொடுத்திருக்கிறது: ஓகாரத்துக்கென்று உள்ள ஒரே குறியீடாக அல்லது ஏகாரக் குறி, கால் என்ற இரண்டு குறியீடுகளாக. இரண்டும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைகிறது. ஆனால் லினக்ஸ் கெர்னலுக்கு எழுத்து என்பதே தெரியாது; வழக்கமான அமைப்பில் கோப்பின் பெயர் அதற்கு வெறும் பைட் வரிசை. ஒன்று 30 பைட், மற்றது 33 பைட். அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஒரே கோப்புறையில் இரண்டு போடிமெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளக்கூட முடியும்.

பிரித்தெழுதிய வடிவம் எங்கிருந்து வருகிறது? சில விசைப்பலகை ஏற்பாடுகளிலிருந்து வரலாம். ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கே சுருக்கி அனுப்பிய கோப்பு லினக்ஸுக்கு வரும்போது அந்த வடிவத்தோடு வரலாம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. போடி, கோவை, கோம்பை, தொடுபுழை, கொழும்பு என்று ஊர்ப்பெயர்களிலேயே இது எவ்வளவு பரவலாக இருக்கிறது பாருங்கள். தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்காதே, கணினிக்கு ஒத்துவராது என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான அறிவுரை. ‘கான்வ்எம்வி’ என்ற சிறு கருவி ஒரு கோப்புறையின் பெயர்களையெல்லாம் சேர்த்தெழுதும் வடிவுக்கு மாற்றிவிடும். காரணம் தெரிந்தால் ஒரே கட்டளையில் தீரும் சிக்கலுக்காகத் தாய்மொழியைக் கைவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு கேள்விக்கும் இதே வழியில் விடை கிடைக்கும். கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிய பிறகும் சில நிரல்கள் ஆங்கிலத்திலேயே பேசுவது ஏன்? தடத்தைப் பார்த்தால் இரண்டு காரணங்களில் எது என்று பிரிந்து தெரியும். இந்தியத் தமிழுக்கான ‘லொகேல்’ அமைப்பே அந்தக் கணினியில் நிறுவப்படாமல் இருந்தால், நிரல் தொடங்கும்போதே அதைத் தேடிக் கிடைக்காமல், மொழி எதுவும் அமைக்கப்படாத அடிப்படை நிலையில் நின்றுவிடும். அது கணினியைப் பராமரிப்பவர் சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியது. அமைப்பு இருந்தும் மொழிபெயர்ப்புக் கோப்பு இல்லாவிட்டால் தடம் வேறு மாதிரி இருக்கும். நிரல் முதலில் இந்தியத் தமிழ், யூடிஎஃப்-8 என்ற முழுப்பெயரில் தேடும். அந்தப் பெயரை வேறு விதமாக எழுதித் தேடும். பிறகு வெறும் இந்தியத் தமிழ். அதுவும் இல்லையென்றால் நாட்டை விட்டுவிட்டு வெறும் தமிழ். வரிசையாக ‘ஈநோயென்ட்’, ‘ஈநோயென்ட்’ என்று பதில் வரும். எல்லாக் கதவும் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போகிறது நிரல். (இலங்கைத் தமிழுக்கென்று தனி லொகேல் உண்டு, அங்கும் கடைசியில் வந்து நிற்கும் இடம் வெறும் தமிழ்தான்.) அந்த நிரலை எழுதியவர்கள் நம் மொழிக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதை நிரப்ப வேண்டிய மொழிபெயர்ப்பை நாம் இன்னும் செய்யவில்லை என்று அந்த வரிகள் சொல்கின்றன. ஸ்ட்ரேஸ் காட்டும் தடங்களில் என்னை மிகவும் பாதிப்பது இதுதான்.

ஸ்ட்ரேஸ் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? அதற்கும் ஒரு சிஸ்டம் கால்தான் உதவுகிறது: ‘பிட்ரேஸ்’. பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் 6-ஆம் பதிப்பிலேயே இருந்த பழைய வசதி. ஒரு நிரல் இன்னொரு நிரலைக் கண்காணிக்க அனுமதி கேட்கிறது. அனுமதி கிடைத்தபின், கண்காணிக்கப்படும் நிரல் சிஸ்டம் காலுக்குள் நுழையும்போது ஒரு முறையும், வெளியே வரும்போது ஒரு முறையும் கெர்னல் அதை நிறுத்தி வைக்கிறது. முதல் நிறுத்தத்தில் ஸ்ட்ரேஸ் செயலியின் ரெஜிஸ்டர்களைப் பார்த்து, எந்த எண், என்னென்ன மதிப்புகள் என்று தெரிந்துகொள்கிறது. பெயர், முகவரி போன்றவை நிரலின் நினைவகத்தில் இருப்பதால் அங்கிருந்தும் படித்துக்கொள்கிறது. இரண்டாவது நிறுத்தத்தில் பதிலைப் பார்க்கிறது. தடத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இந்த இரண்டு நிறுத்தங்கள் இருக்கின்றன.

அதற்கு விலை உண்டு. ஓடிக்கொண்டிருந்த நிரல் நின்று நின்று போகிறது. செயல்திறன் அறிஞர் பிரெண்டன் கிரெக் ஒரு முறை, ஒரு பைட் ஒரு பைட்டாகத் தரவை நகர்த்தும் ஒரு கட்டளையை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு சோதித்தார். ஸ்ட்ரேஸின் கண்காணிப்பில் அது 442 மடங்கு மெதுவாக ஓடியது. இது மோசமான எல்லைக்கான உதாரணம்; பள்ளிக் கணினியில் ஒரு கோப்பைத் திறக்கும் சிக்கலைப் பார்க்கும்போது தாமதமே உணரப்படாது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில் இதை யோசிக்காமல் ஓட்டக் கூடாது. 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, நாம் கேட்ட அழைப்புகளில் மட்டும் நிறுத்தி மற்றவற்றைத் தடையின்றி விடும் வசதியும் ஸ்ட்ரேஸில் இருக்கிறது.

ஸ்ட்ரேஸை 1991-இல் சன் கணினிகளுக்காக எழுதியவர் பால் கிரானன்பர்க். அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் பிராங்கோ லாங்கெஸ்டர். யூனிக்ஸ் குடும்பத்தின் மற்ற கிளைகளில் ‘டிரஸ்’, ‘கேட்ரேஸ்’ போன்ற கருவிகள் இதே வேலையைச் செய்கின்றன. சன் நிறுவனம் 2005-இல் சோலாரிஸ் 10 பதிப்போடு வெளியிட்ட ‘டிட்ரேஸ்’, நிரலை நிறுத்தாமலே கெர்னலுக்குள்ளிருந்து கவனிக்கும் வழியைப் பலரும் கண்டு வியக்கும்படி காட்டியது.

லினக்ஸில் அந்த வழிக்கு அடித்தளம் போட்டதில் இந்தியக் கைகள் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் ஏறக்குறைய எந்த இடத்திலும் ஒரு கண்காணிப்புப் புள்ளியை வைக்க உதவும் ‘கேப்ரோப்ஸ்’ வசதியின் மூல நிரலைத் திறந்தால், மேலேயே பெயர்கள் இருக்கும்: 2002-இல் முதல் வடிவத்தை எழுதிய வம்சி கிருஷ்ணா, 2004-இல் அதைச் செப்பனிட்ட பிரசன்னா பஞ்சமுகி. இருவரும் ஐபிஎம்மின் இந்தியப் பிரிவில் வேலை செய்தவர்கள். 2004-இல் வெளியான லினக்ஸ் 2.6.9-இல் கேப்ரோப்ஸ் சேர்ந்தது. கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்களுக்குள்ளும் அதேபோலப் புள்ளி வைக்க உதவும் ‘யூப்ரோப்ஸ்’ வசதியை எழுதியவர்களில் ஒருவர், அதே ஐபிஎம்மின் ஸ்ரீகர் துரோணம்ராஜு. அது 2012-இல் லினக்ஸ் 3.5-இல் வந்தது. இன்று பெரிய சர்வர் கூடங்களில் ஓடும் கண்காணிப்புக் கருவிகள் பல, இந்தப் புள்ளிகளின் மேல் நிற்கின்றன.

ஸ்ட்ரேஸின் தடத்தில் எல்லாமே தெரிந்துவிடாது. நிரல் தன் நினைவகத்துக்குள் போடும் கணக்கு அதில் வராது. கணக்கில் பிழை என்றால் இந்தக் கருவி உதவாது. இப்போது மணி என்ன என்று ஒரு நிரல் நொடிக்கு நூறு முறை கேட்டாலும் தடத்தில் ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். நேரத்தைக் கெர்னல் முன்கூட்டியே நிரலின் நினைவகத்தில் படிக்கத்தக்கதாக வைத்துவிடுவதால், எல்லையைத் தாண்டும் தேவையே அங்கே எழுவதில்லை. இன்னொரு பக்கம், தெரியக் கூடாததும் தடத்தில் தெரியும். நிரல் படிப்பதையும் எழுதுவதையும் காட்டுவதால் கடவுச்சொல்லும் அதில் இருக்கலாம். தடத்தை இன்னொருவருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்ப்பது கட்டாயம். இந்த அபாயத்துக்காகவே உபுண்டுவில் சாதாரணப் பயனர், தான் ஸ்ட்ரேஸின் கீழ் தொடங்கிய நிரலைத் தடம் பிடிக்கலாமே தவிர, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரலோடு போய் ஒட்டிக்கொள்ள முடியாது.

எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளில் கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். ஒரு பாடவேளை போதும். ஒவ்வொரு மாணவரும் தன் ஊர்ப்பெயரை மட்டும் ஒரு கோப்பில் எழுதட்டும். எத்தனை பைட் வரும் என்று தாளில் கணக்குப் போட்டபின் ஸ்ட்ரேஸை ஓட்டி, படிக்கும் அழைப்பின் பதிலோடு ஒப்பிடட்டும். மூணாறு 18, வரி முடிவோடு 19. பூப்பாறை 24, வரி முடிவோடு 25. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் ஒகரம் இருப்பதால் விடை வகுப்புக்குள்ளேயே மாறலாம்: சேர்த்தெழுதினால் 43, பிரித்தெழுதினால் 46. அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். எண்ணிக்கை சரியாக வந்தாலும் பெயர் முழுதாகத் தெரியாது. படிக்கும், எழுதும் அழைப்புகளில் ஸ்ட்ரேஸ் முதல் 32 பைட்டை மட்டும் காட்டி, மீதிக்குப் புள்ளிகள் வைத்துவிடும். ஆங்கிலத்தில் அது 32 எழுத்து. தமிழில் 10 குறியீடும் அடுத்ததில் முக்கால்வாசியும்கூட இல்லாத ஒரு துண்டும். சேர்த்தெழுதிய கொழிஞ்சாம்பாறை ‘பா’வின் நடுவில், பகரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் தெரிய, அறுந்து நிற்கும். அந்த 32-ஐக் கூட்டிக்கொள்ள ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. அதைக் கையேட்டில் தேடிக் கண்டுபிடிப்பதை அவர்களிடமே விட்டுவிடலாம்.